தோட்டத்து மரமேடை வந்த வழி

பி பிளாக்குக்குப் பின்னால் உள்ள தூங்குமூஞ்சி மரத்தின் வேர்கள் பேவர் கற்களைத் தூக்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். காலை நடைக்கு வரும் மூத்தவர்கள் அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்து நடக்கிறார்கள். வரும் பொதுக்குழுவில் இதற்கு இரண்டு யோசனைகள் வைக்கப்படுகின்றன. மரத்தை எடுத்துவிட்டுச் சமமாகச் சிமென்ட் தளம் போடுவது ஒன்று. மரத்தை விட்டுவிட்டு, வேர்களுக்கு மேலே கால் ஊன்றிப் பலகையில் ஒரு ‘டெக்’ போடுவது இன்னொன்று. “இதெல்லாம் ரிசார்ட்டில் போடுகிற ஆடம்பரம், நமக்கு எதற்கு?” என்று வாட்ஸ்அப் குழுவில் நாலைந்து பேர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். இந்த டெக் எங்கே, எதற்காகப் பிறந்தது என்று படித்துப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கிறது. வங்கியில் குப்பை கொட்டியவனுக்குத் தேதியும் தொகையும் இல்லாமல் பேச வராது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக் என்பது கப்பல்காரர்களின் சொல். பழைய டச்சு மொழியில் அதற்கு மூடி, கூரை என்று பொருள். கப்பலின் வயிற்றை மூடுகிற பலகைத் தளம்தான் டெக். அதன் முதல் வேலை தண்ணீரைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவது, மனிதர்கள் நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த வேலைக்கு நம் மலபார்த் தேக்கை அடிக்க ஆள் கிடையாது. 1817-இல் பம்பாயில் தேக்கால் கட்டி இறக்கிய ‘திருகோணமலை’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் தேக்கு விலையைப் பொதுக்குழுவில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மேலே போவோம்.

வீட்டிலிருந்து தோட்டத்துக்குள் நீளும் மரத்தளத்தை நெடுங்காலமாகக் கட்டிவருபவர்கள் ஜப்பானியர்கள். அறைக்கு வெளியே ஓரமாக ஓடும் பலகை நடையை ‘எங்காவா’ என்பார்கள். கூரைக்கு வெளியே மழையில் நனையும்படி போட்டால் அதற்குப் பெயர் ‘நுரே-என்’, அதாவது நனையும் நடை. இந்த இரண்டாவது வகையில் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள், தண்ணீர் இறங்கிப் போக. இது நம் திண்ணை மாதிரிதானே என்று தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. திண்ணை தெருவைப் பார்த்து உட்காருவது, உள்ளே மண்ணும் செங்கல்லும் நிறைத்துக் கட்டுவது. இது தோட்டத்தைப் பார்ப்பது, கீழே வெற்றிடம் உள்ளது. அந்த வெற்றிடம்தான் முக்கியம்.

கியோட்டோவில் உள்ள கட்சுரா மாளிகையை 17-ஆம் நூற்றாண்டில் தொஷிஹிதோ என்ற இளவரசர் கட்டத் தொடங்கினார். அதன் பழைய கூடத்துக்கு முன்னால், குளத்தைப் பார்த்தபடி, நிலவு பார்ப்பதற்கென்றே ஒரு மேடை நீண்டிருக்கிறது. அதன் தளம் மூங்கில். மழையிலும் பனியிலும் மூங்கில் எத்தனை வருடம் தாங்கும்? கெட்டுப்போகும் என்று தெரிந்தே கட்டி, கெட்டதும் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். அதே ஊரில் கியோமிசு கோயிலின் மேடை 13 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் நிற்கிறது. இப்போது உள்ளது 1633-இல் கட்டியது. தூண்கள் பழையவை, தளத்துப் பலகைகள் அவ்வப்போது புதியவை. மேலே உள்ளது தேய்ந்து மாறும், கீழே உள்ளது நிற்க வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு அப்போதே பிடிபட்டிருக்கிறது.

இன்று நாம் டெக் என்று சொல்லும் பொருளின் பிறந்த ஊர் கலிபோர்னியா. காலம், இரண்டாம் உலகப் போர் முடிந்த வருடங்கள். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வீடு வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள நிலமோ மேடும் பள்ளமும். சமமான மனைகள் தீர்ந்து, சரிவில் வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சரிவில் தோட்டம் வேண்டுமென்றால் வழக்கமான வழி, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி, தடுப்புச் சுவர் எழுப்புவது. செலவு அதிகம். அதைவிடப் பெரிய சிக்கல் அங்குள்ள ஓக் மரங்கள். ஓக்கின் அடியில் ஓரடி மண் கொட்டி மேடாக்கினால் போதும், வேருக்குக் காற்று போகாமல் மரம் மெல்லச் சாகும். உடனே சாகாது, சில வருடம் கழித்துச் சாகும். அதனால் பழி யார் மேலும் விழாது.

இதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர் தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளர். 1902-இல் பிறந்து 1978-இல் மறைந்தவர், சான் ஃபிரான்சிஸ்கோவில் தொழில் நடத்தியவர். நிலத்தைத் தொடாதே, அதற்கு மேலே தளம் போடு என்பது அவர் கையாண்ட முறை. ஆங்காங்கே ஒரு குழி தோண்டிக் கால் ஊன்றினால் போதும். மழைநீர் பலகை இடுக்கு வழியாக மண்ணுக்குப் போகும், வேர் மூச்சு விடும், சரிவு சரிவாகவே இருக்கும்.

அவர் வேலையில் பேர்பெற்றது 1948-இல் சோனோமாவில் டானல் என்ற குடும்பத்துக்காகச் செய்த தோட்டம். குடும்பத்தார் வழக்கமாக உணவு கட்டிக்கொண்டு போய் உட்காரும் குன்று அது. அங்கே வீடு வருவதற்கு முன்பே தோட்டத்தைக் கட்டினார்கள். வளைந்த வடிவத்தில் நீச்சல் குளம், பக்கத்தில் சதுரம் சதுரமாகப் பலகை அடித்த மேடை, அந்த மேடையைத் துளைத்துக்கொண்டு ஓக் மரங்கள். கட்டட வரைபடத்தில் மரத்துக்கு ஓட்டை விட்டு வரைந்த அந்தக் காரியம் பத்திரிகைகளில் படமாக வந்து ஊரெல்லாம் பரவியது. 1955-இல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, தோட்டங்கள் மனிதர்களுக்காக என்று பொருள் தருவது. காட்சிக்கு வைக்காதே, உட்காரு, சாப்பிடு, பிள்ளைகளை விளையாட விடு என்பது அவர் கட்சி.

ஆக, ஆடம்பரத்துக்காக வந்ததல்ல இது. மண்ணை நிரப்பும் செலவை மிச்சப்படுத்தவும், இருக்கிற மரத்தைக் காப்பாற்றவும் வந்தது. நம் தூங்குமூஞ்சி மரத்தடியில் உள்ள சிக்கலும் கிட்டத்தட்ட இதேதான். சரிவு மட்டும் நமக்கு இல்லை.

சரி, அவர்கள் எந்த மரத்தில் போட்டார்கள்? ரெட்வுட் என்கிற மரத்தில். செம்மரம் என்று மொழிபெயர்த்தால் ஆந்திர எல்லையில் கடத்துகிறார்களே, அதை நினைத்துக்கொள்வீர்கள். இது வேறு, கலிபோர்னியக் கடற்கரையின் வானளாவிய ஊசியிலை மரம். வைரம் பாய்ந்த ரெட்வுட் பலகையைக் கரையானும் பூஞ்சையும் எளிதில் தொடாது, அதிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் அப்படி. அன்று மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்ததால் வெட்டித் தீர்த்தார்கள். 1968-இல் ரெட்வுட் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது பழங்காட்டின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. இன்று எஞ்சியிருப்பது 5 சதவீதம் அளவுதான். தோட்டத்து மரத்தைக் காப்பாற்றப் போட்ட மேடைகளுக்குப் பலகை தந்தவை காட்டு மரங்கள். வரவுப் பக்கத்தை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது.

ரெட்வுட் விலை ஏறியதும் சாதாரண பைன் மரத்துக்கு மருந்தேற்றி டெக் போட ஆரம்பித்தார்கள். இங்கேதான் கதை நம் நாட்டுக்கு வருகிறது. அந்த மருந்தைக் கண்டுபிடித்தவர் சொண்டி காமேசம் என்ற இந்திய விஞ்ஞானி. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். கண்டுபிடித்த வருடம் 1933, அமெரிக்கக் காப்புரிமை 1938. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றின் உப்புகளையும் தண்ணீரில் கரைத்து, மூடிய உருளையில் மரத்தை வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு, அழுத்தத்தோடு கரைசலை உள்ளே செலுத்த வேண்டும். செம்பு பூஞ்சையைக் கொல்லும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். கம்பங்களுக்கும் பாலங்களுக்கும் பயன்பட்ட இந்த முறை, 1970-களுக்குப் பிறகு அமெரிக்க வீட்டுத் தோட்டங்களுக்குள் வெள்ளமாக நுழைந்தது. டேராடூனில் பிறந்த ஒரு ரசாயனக் கலவையின் மேல் அமெரிக்கர்கள் நாற்காலி போட்டு மாலைக் காற்று வாங்கினார்கள். நம் பள்ளிப் பாடத்தில் இவர் பெயர் ஏன் இல்லை என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

ஆனால் ஆர்சனிக் என்பது பாஷாணம். பலகையைத் தடவி விளையாடும் குழந்தைகளின் கையில் அது ஒட்டுகிறது என்ற கவலை வளர்ந்தது. 2002 பிப்ரவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தபடி, 2003 முடிவோடு வீட்டு உபயோக மரங்களுக்கு இந்த மருந்து நிறுத்தப்பட்டது. பதிலாக வந்தவை செம்பு அதிகமுள்ள மருந்துகள். அவற்றில் வேறொரு தொல்லை, சாதாரண இரும்பு ஆணியைச் சீக்கிரம் அரித்துவிடும். துத்தநாகம் கனமாகப் பூசிய ஆணி, அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் தாங்கும். நமக்கு ஒப்பந்தக்காரர் ‘ட்ரீட்டட் பைன்’ என்று சொன்னால், எந்த மருந்து, என்ன ஆணி என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். இன்னொன்று, அப்படிப்பட்ட பலகைத் துண்டு மிஞ்சினால் யாரும் போகிக்குக் கொளுத்தக் கூடாது. மருந்து சாம்பலிலும் புகையிலும் வரும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைகள் 1990-களில் பெரிய அளவில் சந்தைக்கு வந்தன. இங்கே டபிள்யூ.பி.சி. என்று விற்கிறார்கள். கரையான் தொல்லை குறைவு, வண்ணம் அடிக்க வேண்டாம். ஆனால் அடர்நிறப் பலகை சித்திரை வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்று கடையில் ஏ.சி. அறையில் பார்த்தால் தெரியாது. மாதிரித் துண்டு ஒன்றை வாங்கி மதியம் 2 மணிக்கு மொட்டை மாடியில் வைத்து, செருப்பில்லாமல் மிதித்துப் பாருங்கள்.

இவ்வளவு நேரம் பலகையைப் பற்றியே பேசினேன். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதானே. உயிர் போனது வேறு இடத்தில்.

2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்புற மரத் தாழ்வாரம் விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே இடிந்தது. மூன்றாவது தளம் அடுத்தடுத்த தளங்களின் மேல் விழுந்து 13 பேர் இறந்தார்கள். அனுமதி வாங்காமல் அளவுக்கு மீறிக் கட்டியது என்று நகர நிர்வாகம் சொன்னது. 2015 ஜூன் 16 அன்று கலிபோர்னியாவின் பெர்க்லியில் நாலாவது மாடி பால்கனி ஒன்று பிறந்தநாள் விருந்தின்போது முறிந்து விழுந்தது. கோடை விடுமுறைக்கு வந்த அயர்லாந்து மாணவர்கள் உட்பட 6 இளைஞர்கள் இறந்தார்கள், 7 பேர் காயமடைந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு வயது 8 வருடம்தான். சுவரிலிருந்து நீண்ட மரச்சட்டங்களுக்குள் ஈரம் புகுந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உளுத்துவிட்டிருந்தது. மேலே தளம் பார்க்க நன்றாக இருந்தது.

அதன் பிறகு கலிபோர்னியா இரண்டு சட்டங்கள் போட்டது. 2018-இல் வந்தது வாடகைக் குடியிருப்புகளுக்கு, 6 வருடத்துக்கு ஒரு முறை சோதனை. 2019-இல் வந்தது நம்மைப் போல வீடு அவரவருக்கும் பொது இடம் சங்கத்துக்கும் உரிய குடியிருப்புகளுக்கு. தரையிலிருந்து 6 அடிக்கு மேல் உயரத்தில் மரச்சட்டத்தின் மேல் நிற்கும் பால்கனி, டெக், படிக்கட்டு எல்லாவற்றையும் 9 வருடத்துக்கு ஒரு முறை பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். முதல் சோதனைக்குக் கடைசி நாள் 2025 ஜனவரி 1. இதில் எனக்குப் பிடித்தது ஒன்று, அந்த அறிக்கை சங்கத்தின் சேமநிதிக் கணக்கோடு சேர வேண்டும் என்பது. எதை எப்போது மாற்ற வேண்டும், அதற்கு இன்று எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதும் கணக்கில் ஏறிவிடுகிறது.

தரையோடு ஒட்டிய டெக்குகளும் வீட்டுப் பக்கத்து முனையில்தான் அதிகம் விழுகின்றன. சுவரில் அடித்து, மேடையின் ஒரு பக்கச் சுமையைத் தாங்கும் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘லெட்ஜர்’ என்று பெயர். படித்தபோது சிரித்துவிட்டேன். நாற்பது வருடம் புரட்டிய பேரேட்டுக்கும் அதே பெயர். அங்கே ஒரு பதிவு தவறினால் மாலை கணக்கு முடியாது, இங்கே போல்ட் போட வேண்டிய இடத்தில் ஆணி அடித்தால் ஒரு மாலை எல்லாமே முடிந்துவிடும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே மழைநீர் இறங்காதபடி தகடு வைக்காமல் விடுவதும் அப்படித்தான்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். நமது மேடை பி பிளாக் சுவரைத் தொடவே வேண்டாம், நான்கு பக்கமும் தன் காலில் நிற்கட்டும். சுவரில் துளை போட்டால் தரைத்தள வீட்டுக்காரருக்கு ஓதம் ஏறும், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். காலுக்கான குழிகளை இயந்திரம் வைத்துத் தோண்டக் கூடாது. கையால் தோண்டி, கனமான வேர் தட்டுப்பட்டால் குழியைத் தள்ளிப் போட வேண்டும், வேரை வெட்டக் கூடாது. அடிமரத்தைச் சுற்றி நல்ல இடைவெளி விட்டு, சுற்றியுள்ள பலகைகளைக் கழற்றும்படி திருகாணியில் பொருத்தினால் மரம் பெருக்கப் பெருக்க விலக்கிக்கொள்ளலாம். தூங்குமூஞ்சியின் பொடி இலையும் பிசுபிசுத்த காய்களும் பலகை இடுக்கை அடைக்கும். தினமும் பெருக்க ஆள் வேண்டும், அதையும் செலவில் சேருங்கள். கீழே தண்ணீர் தேங்காதபடி மண்ணுக்கு வாட்டம் கொடுக்காவிட்டால் நாம் கட்டுவது கொசு வளர்க்கும் பண்ணை. புயலில் ஒடியக் கூடிய கிளைகளை மழைக்காலத்துக்கு முன்பு கழிப்பதும் மரத்தை வைத்துக்கொள்வதன் செலவுதான். வர்தா அடித்த 2016 டிசம்பரை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

உயரம் ஓரடிக்கு மேல் வேண்டாம். சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை 1-க்கு 12 என்ற கணக்கில் போட வேண்டும், ஓரடி ஏற 12 அடி நீளம். ஒன்றரை அடி உயர்த்தினால் 18 அடி. அவ்வளவு இடம் அங்கே இல்லை.

சுமையையும் கணக்குப் பார்த்தேன். 20-க்கு 15 அடி என்று வைத்தால் 300 சதுர அடி. அமெரிக்க வீட்டு டெக்குகளுக்கான வழக்கமான அளவு சதுர அடிக்கு 40 பவுண்டு. மொத்தம் 12,000 பவுண்டு, ஏறக்குறைய 5,400 கிலோ. அதாவது 75 பேர். பொங்கலன்று கோலப் போட்டிக்குப் பரிசு கொடுக்கும்போது அங்கே எத்தனை பேர் ஏறுவார்கள் என்று நீங்களே யோசியுங்கள். ஓரடி உயரத்தில் முறிந்தால் உயிர் போகாதுதான். எழுபது வயதில் இடுப்பெலும்பு போகும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பேச்சுக்கு 6 லட்சம் செலவாகி 15 வருடம் உழைக்கும் என்று கொள்வோம். தேய்மானம் வருடத்துக்கு 40,000. நம் 120 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 28 ரூபாய். அதைக் கட்டுகிற நாளிலிருந்தே தனிக் கணக்கில் போட்டுவந்தால் பதினைந்தாம் வருடம் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. கார்பஸ் நிதியிலிருந்து ஒரேயடியாக எடுத்துக் கட்டிவிட்டு மறந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. மரத்தை வெட்டும் யோசனையில் இந்த மாதச் செலவு கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெட்டிய பிறகு பி பிளாக்கின் மேற்கு வீடுகளுக்கு வரும் ஏ.சி. பில் சங்கக் கணக்கில் வராது, அவ்வளவே.

செயற்குழு வாங்கி வைத்துள்ள மூன்று கொட்டேஷன்களும் அலுவலகத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றிலும் மேல் பலகையின் நிறம், பளபளப்பு, விளக்கு அலங்காரம் எல்லாம் படத்தோடு விவரமாக உண்டு. அடிச்சட்டத்துக்கு என்ன மரம், கால் எத்தனை, ஆணி எந்த வகை என்று எழுதியிருப்பது ஒன்றில் மட்டும். மற்ற இருவரிடமும் பொதுக்குழுவுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.